கைராசி டொக்டரும் தேடி வரும் டொக்டரும்

அன்பு மகள்,

ஞாயிற்றுக்கிழமை இரவு நீ அனுப்பிய குரல் செய்தியை இரண்டு தரம் கேட்டேன். ஈஸ்ட்ஹாமில் அறை கிடைத்துவிட்டது, வீட்டுக்கார அன்ரி நல்ல மனுசி, கம்பஸுக்கு ஒரே ரயில் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டாய்: "சின்னம்மா, எந்த ஜீபியிட்ட பதியிறது? அன்ரி சொல்லுற டொக்டர் எங்கட ஆளாம், கைராசிக்காரராம், போன உடன அன்டிபயோட்டிக் எழுதித் தருவாராம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில இன்னொண்டு இருக்கு. ஆனா கூகிளில ரெண்டரை ஸ்டார்தான்."

லண்டன் ஜீபிகளின், அதாவது குடும்ப டொக்டர்களின், கவுண்டருக்குப் பின்னால் 22 வருடம் இருந்தவளிடம் கேட்டிருக்கிறாய். ஒரு நிமிடச் செய்தியில் இதற்குப் பதில் சொல்ல ஏலாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எதைத் தெரிவு செய்தாலும் சரி, வருத்தம் வருமுன் பதிந்துவிடு. யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் வந்த பின்னேரமே எந்த டிஸ்பென்சரிக்கும் போகலாம், காசைக் கொடுத்தால் மருந்து கையில். இங்கே உன் பெயர் ஒரு ஜீபியின் பட்டியலில் இருக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி நிபுணரைப் பார்ப்பதென்றாலும் அநேகமாக அந்த வாசலால்தான் போக வேண்டும். பதிவதற்குப் பாஸ்போர்ட், விசா, முகவரி அத்தாட்சி எதுவும் கட்டாயமில்லை என்பது இந்த நாட்டு அரச சுகாதார சேவையான என்எச்எஸ்ஸின் விதி. கவுண்டரில் யாராவது "கரண்ட் பில் கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினால், தன் விதியே தெரியாத இடம் என்று மனதில் குறித்துக்கொள். விசாவுக்காக வருடத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம் கட்டியிருக்கிறாய். அது கட்டாதவருக்கும் ஜீபியைப் பார்ப்பது இலவசம்தான். மருந்துக்கு மட்டும் இங்கிலாந்தில் ஒன்றுக்கு 9.90 பவுண் எடுப்பார்கள்.

இனிக் கைராசிக்கு வருவோம். நான் அதைப் பகிடி பண்ண மாட்டேன். முகம் பார்த்துக் கதைக்கிற டொக்டரிடம்தான் ஆட்கள் மனம் விட்டுச் சொல்லுவார்கள், சொன்னால்தான் வருத்தமும் பிடிபடும். ஆனால் இந்த நாட்டில் நோயாளிகளிடம் அப்படிப் பெயர் எடுத்திருந்த ஒரு டொக்டரைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஹரோல்ட் ஷிப்மன், மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரின் ஜீபி. கூப்பிட்டால் வீட்டுக்கே வருவார், கிழவிகளோடு இருந்து தேத்தண்ணி குடித்துக் கதைப்பார். 1992இல் கூட்டுப் பிராக்டிஸை விட்டுத் தனியாகத் தொடங்கியபோது நோயாளிகளும் பின்னாலேயே போனார்கள். சுமார் 3,000 பேர் அவர் பட்டியலில் இருந்தார்கள். 2000 ஜனவரி 31 அன்று 15 பேரைக் கொலை செய்ததற்காக அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. நீதிபதி ஜேனட் ஸ்மித் நடத்திய விசாரணை, கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 215 பேர் என்று 2002இல் எண்ணிச் சொன்னது. பெரும்பாலும் வயதான பெண்கள், வலிக்குக் கொடுக்கும் டயமோர்பின் ஊசி. கைது செய்த பிறகும் "எங்கள் டொக்டர் அப்படிச் செய்ய மாட்டார்" என்று சொன்ன நோயாளிகள் ஹைட்டில் இருந்தார்கள்.

ஷிப்மனை நினைத்து எல்லா டொக்டருக்கும் பயப்படு என்று சொல்லவில்லை. அப்படி ஒருவர் இன்னொரு தரம் வருவது மிக அரிது. என் மனதில் நிற்பது வேறொன்று. அவரிடம் ஏதோ பிழை என்று முதலில் சந்தேகப்பட்டவர்கள் யார்? வழக்கமாக ஏற்றி இறக்கிய கிழவிகள் ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போவதைக் கவனித்த ஒரு டாக்ஸிக்காரர். இறுதிச் சடங்கு நடத்துகிற ஒரு குடும்பம். அயல் பிராக்டிஸில் தகனப் படிவங்களுக்குக் கையெழுத்திட்ட டொக்டர் லிண்டா ரேனோல்ட்ஸ். 1998 மார்ச்சில் அவர் முறைப்பாடு செய்தும் பொலிஸ் சரியாக விசாரிக்கவில்லை. அதற்குப் பிறகு இன்னும் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். சந்தேகப்பட்ட இவர்கள் எவருக்கும் ஷிப்மனுடைய இனிமையான பேச்சுத் தேவைப்படவில்லை. இவர்கள் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். முகத்துக்கு முன்னால் இருக்கிற நோயாளிக்குத் தெரியாதது, கொஞ்சம் தள்ளி நின்று எண்ணுகிறவனுக்குத் தெரிகிறது. இன்று இங்கே ஒவ்வொரு டொக்டரும் வருடாவருடம் தன் வேலையை இன்னொருவர் முன் வைத்து மதிப்பிட வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தகுதியைப் புதுப்பிக்க வேண்டும். 2012 டிசம்பரில் வந்த இந்த முறைக்குப் பின்னால் ஹைட்டின் நிழல் உண்டு.

இதற்கு நேர்மாறாக இன்னொரு ஜீபி. வேல்ஸில் கிளின்கோருக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் இருந்த ஜூலியன் ரியூடர் ஹார்ட். எங்கே நோய் அதிகமோ அங்கே நல்ல வைத்தியம் குறைவு என்பதைத் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' என்று 1971இல் 'லான்செட்' இதழில் எழுதியவர். எனக்கு அவர் எழுதியதைவிடச் செய்ததுதான் பெரிது. கிராமத்தில் வயது வந்த அத்தனை பேருக்கும் இரத்த அழுத்தம் அளந்தார். வராதவர்களை விட்டுவிடவில்லை, பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார். கடைசிவரை தப்பி ஓடுகிறவர்களிடம்தான் அநேகமாகக் கூடின அழுத்தம் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். 25 வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, இப்படித் தேடாத அயல் கிராமத்தைவிட அங்கே இளவயது மரணம் குறைவாக இருந்தது.

ஆகவே நீ கேட்ட கேள்வியை நான் இப்படி மாற்றிக்கொள்கிறேன்: நீ மறந்துபோன நாளில் உன்னைத் தேடி வருகிற ஜீபி எது?

உனக்குத் தொய்வு (ஆஸ்துமா) இருக்கிறதே, அதையே வைத்துப் பார்ப்போம். மூச்சு முட்டினால் இழுக்கப் பையில் எப்போதும் நீலப் பம்ப் வைத்திருக்கிறாய். பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்தவர்களின் பதிவுகளைத் தோண்டிப் பார்த்த தேசிய ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. நீலப் பம்ப் எடுத்த விவரம் கிடைத்த 165 பேரில் 65 பேருக்கு, இறப்பதற்கு முந்திய ஒரு வருடத்தில் 12க்கு மேல் பம்ப் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாதம் ஒன்றுக்கு மேல். நீலப் பம்ப் அவ்வளவு தேவைப்படுகிறது என்றால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்றுதான் பொருள். அந்தப் பம்புகளைக் கேட்டவுடன் கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. நோயாளி கேட்டார், கம்ப்யூட்டரில் பொத்தானை அமத்தினார்கள், நோயாளி நன்றி சொல்லிவிட்டுப் போனார். கூகிளில் ஐந்து ஸ்டாரும் போட்டிருப்பார். ஆறாவது பம்பைக் கேட்கும்போது "வந்து நேர்ஸைப் பார்த்துவிட்டு வாங்கு" என்று மறிக்கிற இடத்துக்கு ஒரு ஸ்டார்தான் கிடைத்திருக்கும்.

நீ சொன்ன ரெண்டரை ஸ்டாரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லாததற்கு இதுதான் காரணம். கோபம் வந்தவன்தான் கூகிளில் எழுதுவான். அதைவிட நம்பக்கூடியது என்எச்எஸ் வருடாவருடம் நடத்துகிற ஜீபி நோயாளர் கணிப்பு. அவர்களே ஆட்களைத் தெரிவு செய்து கேள்விக்கொத்து அனுப்புவார்கள். ஏறக்குறைய 7 லட்சம் பேர் பதில் சொல்வார்கள், ஒரு பிராக்டிஸுக்குச் சராசரியாக நூறு பேர் என்று வை. ரெலிபோன் எடுப்பது சுலபமா, கடைசியாகப் பார்த்தவரில் நம்பிக்கை இருந்ததா, உங்கள் தேவை தீர்ந்ததா என்று பிரித்துப் பிரித்துக் கேட்பார்கள். இரண்டு இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ரெலிபோனில் குறைந்த புள்ளி எடுத்த இடம் நம்பிக்கையில் கூடப் புள்ளி எடுத்திருக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

அடுத்தது சி.கியூ.சி. இங்கிலாந்தின் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், ஜீபி எல்லாவற்றையும் பரிசோதிக்கிற ஆணையம். 2009இல் தொடங்கியது, 2013 ஏப்ரலில் ஜீபிகளும் அதன் கீழ் வந்தார்கள். பாதுகாப்பா, பலன் தருகிறதா, பரிவு உண்டா, தேவைக்கு ஏற்ப நடக்கிறார்களா, நிர்வாகம் சரியா என்று ஐந்து கேள்வி. 'மிகச் சிறந்தது', 'நல்லது', 'திருத்தம் தேவை', 'போதாது' என்று நாலு தரம். அந்தத் தரத்தை வாசலில் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும் என்பது சட்டம், போகும்போது பார்.

ஆனால் 'நல்லது' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடாதே. பத்தில் ஒன்பது இடத்துக்கு மேல் அந்தத் தரமோ அதற்கு மேலோதான் வாங்கியிருக்கிறது. அதை மட்டும் வைத்துத் தெரிவு செய்வது, பரீட்சையில் பாஸ் பண்ணினவன் எல்லாரும் ஒரே கெட்டிக்காரன் என்பது போல. முதலில் திகதியைப் பார். 2024இல் பெனி டாஷ் என்ற அம்மையார் அரசாங்கத்துக்காகச் சி.கியூ.சியையே பரிசோதித்தார். பல இடங்களுக்குப் பல வருடமாக யாரும் திரும்பிப் போகவில்லை, தரம் கொடுக்க வேண்டிய இடங்களில் ஐந்தில் ஒன்றுக்குத் தரமே கொடுக்கவில்லை என்று கண்டுபிடித்தார். ஆறு வருடத்துக்கு முன் 'நல்லது' வாங்கிய பிராக்டிஸில் அன்று இருந்த டொக்டர்கள் இன்று இருக்கிறார்களா என்பதே கேள்வி.

திகதி அண்மையது என்றால் முழு அறிக்கையையும் இறக்கி, 'பாதுகாப்பு' என்ற பகுதியை மட்டும் ஆறுதலாக வாசி. இப்போது பரிசோதகர்கள் சுவரையும் கதிரையையும் பார்த்துவிட்டுப் போவதில்லை. பிராக்டிஸின் கம்ப்யூட்டருக்குள் இறங்கித் தேடுகிறார்கள். மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்ஸேட் எடுக்கிற எத்தனை பேருக்கு இரத்தச் சோதனை செய்யாமலே மருந்து போகிறது? சீனி அளவு நீரிழிவு எல்லையைத் தாண்டியும் "உங்களுக்கு நீரிழிவு" என்று யாரும் சொல்லாத ஆட்கள் எத்தனை பேர்? வருடத்தில் 12 நீலப் பம்ப் வாங்கியவர்கள் எத்தனை பேர்? இந்த மூன்றாவது கேள்வி உன்னுடையது. அறிக்கையில் இதற்கான பதில் இருந்தால், சுவரில் ஒட்டிய தரத்தைவிட அது பெறுமதியானது. தடுப்பூசி வைக்கிற குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையை நாளாந்தம் எழுதுகிறார்களா (2 முதல் 8 பாகைக்குள் நிற்க வேண்டும்), ஒக்சிஜனும் அவசர மருந்தும் தயாராக இருக்கின்றனவா என்பதும் அதில் வரும். சின்ன விஷயம்தான். ஆனால் குளிர்ப்பெட்டியின் கொப்பி வெறுமையாகக் கிடக்கிற இடத்தில் மற்றக் கொப்பிகளும் வெறுமையாகத்தான் கிடக்கும். என் அனுபவம் அது.

இனி அறிக்கையில் வராத ஒன்றைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம்.

நான் முதலில் வேலை செய்த பிராக்டிஸ். அன்பான டொக்டர்கள். சுவர் நிறைய நன்றி அட்டை, தீபாவளிக்கு நோயாளிகள் கொண்டுவந்த பலகாரம் கவுண்டரில் கொள்ளாது. ஆஸ்பத்திரியிலிருந்து கடிதங்கள் கட்டாக வரும். அவற்றை ஸ்கான் பண்ணி அந்தந்த நோயாளியின் பதிவில் போடுவது எங்கள் வேலை. எது டொக்டரின் கண்ணுக்குப் போக வேண்டும், எது நேரே கோப்புக்குப் போகலாம் என்று தீர்மானிப்பதும் எங்கள் தலையில்தான். எழுதி வைத்த முறை ஒன்றும் இல்லை. பருத்தித்துறைக்காரர் ஒரு ஐயா, எழுபது தாண்டினவர். சிறுநீரகம் பலவீனமாகிறது, அழுத்தத்துக்கு எடுக்கிற ஒரு மாத்திரையை நிறுத்துங்கள், இரண்டு கிழமையில் திரும்ப இரத்தம் சோதியுங்கள் என்று ஆஸ்பத்திரி எழுதியிருந்தது. அந்த வரி இரண்டாம் பக்கத்தின் அடியில். கடிதம் நேரே கோப்புக்குப் போய்விட்டது. மாதாமாதம் போகிற மருந்து போய்க்கொண்டே இருந்தது. ஏழு கிழமைக்குப் பிறகு ஐயா கவுண்டரைப் பிடித்தபடி நின்றார். கால் வீங்கிச் சப்பாத்து ஏறவில்லை, செருப்போடு வந்திருந்தார். "பிள்ளை, அவை நிப்பாட்டச் சொன்ன மாதிரித்தான் இருந்தது. நீங்கள் திருப்பித் தந்தபடியால் குடிச்சனான்" என்றார்.

அந்தக் கடிதத்தை ஸ்கான் பண்ணினது நான்.

ஐயா ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு வீடு திரும்பினார். எங்கள் பெரிய டொக்டர் அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு இருத்தி, யார் பிழை என்று கேட்காமல், கடிதம் எந்த இடத்தில் நழுவியது என்று ஒவ்வொரு படியாகக் கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் கடைசிப் பக்கம்வரை வாசித்து, மருந்து மாற்றம் இருந்தால் மருந்தாளருக்கு அனுப்ப வேண்டும் என்று முறை வைத்தோம். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அந்த இடம் பாதுகாப்பான இடமாகத் தொடங்கியது. அதற்கு முன் அது அன்பான இடம், அவ்வளவுதான்.

இதை வைத்துக்கொண்டு இரண்டு இடத்துக்கும் நீயே நடந்து போ. கவுண்டரில் ஒரேயொரு கேள்வி கேள்: "இரத்தம் சோதித்தால் முடிவு எனக்கு எப்படி வரும்?" சிலர் "ஏதும் பிரச்சினை என்றால் நாங்கள் கூப்பிடுவோம்" என்பார்கள். அது அரைப் பதில். மாதிரிக் குழாய் ஆய்வுகூடத்தில் தொலைந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள், நீ நல்ல சுகம் என்று நினைத்துக்கொண்டு இருப்பாய். "இத்தனை நாளில் வரும், ஆப்பிலும் பார்க்கலாம், வராவிட்டால் இந்த நம்பருக்கு எடு" என்று ஒருவர் தடங்கலில்லாமல் சொன்னால், அங்கே ஒரு முறை இருக்கிறது.

கவுண்டர்க்காரி முகம் சுளிக்காமல் இருந்தாளா என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதே. கவுண்டரில் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்த நாட்டில் நல்ல பெயர் இல்லை, வாசலில் நிற்கும் முனி என்றுதான் நினைப்பார்கள். "என்ன வருத்தம்?" என்று கேட்பது விடுப்புப் பிடுங்க இல்லை. நெஞ்சுவலி என்று சொன்னால் 999க்கு எடுக்கச் சொல்ல வேண்டும், தொண்டை நோ என்றால் பார்மசிக்கு அனுப்பலாம். கேட்காமல் எல்லாரையும் வரிசையில் விடுகிறவள்தான் ஆபத்தானவள். ஒரு சராசரிப் பிராக்டிஸில் ஏறக்குறைய 10,000 பேர் பதிந்திருப்பார்கள் என்பதையும் நினைத்துக்கொள். காலை 8 மணிக்கு ரெலிபோன் அடிபடுகிற அடி எனக்கு இன்னும் கனவில் கேட்கும். 2025 ஒக்டோபர் 1 முதல் கிழமை நாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை ஒன்லைனிலும் கேட்க விட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அதை மூடி வைத்திருக்கிறார்களா என்று ஒருக்கால் பார்.

இன்னொன்று முக்கியம், நீ யாரைப் பார்க்கிறாய் என்பது. இன்று ஜீபி பிராக்டிஸில் உன் முன்னால் இருக்கிறவர் நேர்ஸாக இருக்கலாம், மருந்தாளராக இருக்கலாம், இரண்டு வருடம் படித்த பிசிசியன் அசோசியேட்டாக இருக்கலாம். 2022இல் வட லண்டனில் குரவுச் எண்ட் பகுதியில் 30 வயது நடிகை ஒருவர் கால்வலி, மூச்சுத் திணறல் என்று ஒரே பிராக்டிஸுக்கு இரண்டு தரம் போனார். இரண்டு தரமும் அவரைப் பார்த்தது பிசிசியன் அசோசியேட். டொக்டரைத்தான் பார்த்தேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நுரையீரலில் இரத்தக் கட்டியால் இறந்துபோனார். உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று மரண விசாரணை சொன்னது. 2025 ஜூலையில் பேராசிரியர் ஜிலியன் லெங் கொடுத்த அறிக்கை, இவர்களை இனி 'அசிஸ்டன்ட்' என்று அழைக்க வேண்டும், நோய் என்னவென்று தெரியாத நோயாளியை முதலில் பார்க்க விடக் கூடாது என்று பரிந்துரைத்தது. நீ செய்ய வேண்டியது சுலபம். கதிரையில் இருந்ததும் "நீங்கள் டொக்டரா?" என்று கேள். நம் ஊரில் அது மரியாதைக் குறைவு. இங்கே அவர்களே முந்திச் சொல்ல வேண்டிய விஷயம். பெயர் தெரிந்தால் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் பதிவேட்டில் யாரும் தேடிப் பார்க்கலாம். உடம்பைப் பார்க்க வேண்டி வந்தால் பெண் டொக்டரைக் கேட்கலாம், கூட நிற்கப் பயிற்சி பெற்ற ஒருவரைக் கேட்கலாம். அதற்கு வெட்கப்படாதே. கேட்டதற்கு முகம் கறுக்கிற இடத்தை விட்டு வந்துவிடு.

இனி அன்ரியின் டொக்டர். எங்கட ஆள் என்பதற்காக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அறுபது, எழுபதுகளில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த டொக்டர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளின் நல்ல வேலைகள் எளிதில் கிடைக்கவில்லை. வெள்ளைக்கார டொக்டர்கள் போக விரும்பாத சுரங்கக் கிராமங்களிலும் கிழக்கு லண்டனின் ஏழைத் தெருக்களிலும் அவர்கள்தான் தனியாளாகப் பிராக்டிஸ் நடத்தினார்கள். ரியூடர் ஹார்ட் எழுதிய அந்த விதி இன்னும் மோசமாகாமல் தாங்கிப் பிடித்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தனி டொக்டரிடம் ஒரு பெரிய நன்மையும் இருக்கிறது: ஒவ்வொரு முறையும் அதே ஆள். நோர்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2022இல் வெளியானது. ஒரே ஜீபியிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, ஒரு வருடமே இருந்தவர்களைவிட 25 சதவீதம் குறைவு. ஆகவே எந்தப் பிராக்டிஸிலும் "ஒரே டொக்டரைப் பார்க்க முடியுமா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. தனி டொக்டரிடம் நீ கூடுதலாகக் கேட்க வேண்டியது, அவர் லீவில் போனால் உன் இரத்தச் சோதனை முடிவை யார் பார்ப்பார் என்பது.

என் சந்தேகம் அந்த அன்டிபயோட்டிக்கில்தான். போன உடனே எழுதித் தருவது கைராசி இல்லை மகள், அவசரம். தடிமனுக்கும் சாதாரண தொண்டை நோவுக்கும் அது பெரும்பாலும் வேலை செய்யாது. கிருமிகள் மருந்துக்குப் பழகுவதுதான் மிச்சம். "இப்போது வேண்டாம், மூன்று நாளில் மாறாவிட்டாலோ மூச்சு முட்டினாலோ உடனே வா" என்று சொல்லி அனுப்புகிறவரை அன்ரி கல்நெஞ்சக்காரர் என்பார். நான் அவரிடம்தான் பதிவேன். எதற்கு, எப்போது திரும்பி வர வேண்டும் என்று சொல்லி அனுப்புவதுதான் இந்தத் தொழிலில் நல்ல கையின் அடையாளம்.

அன்ரிக்கு ஆங்கிலம் குறைவு என்றாய். ஒரு நாள் மொழிபெயர்க்க உன்னைக் கூட்டிக்கொண்டு போவார். போ, ஆனால் முதலில் பிராக்டிஸிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கச் சொல், இலவசம். ஒரு பெண் தன் கர்ப்பப்பை வருத்தத்தை வாடகைக்கு இருக்கிற பிள்ளையின் வாயால் சொல்லிக்கொண்டிருந்தால் பாதிதான் வெளியே வரும். 40 வயது தாண்டியவர்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற இலவச உடல் சோதனைக்குக் கடிதம் வந்ததா என்றும் அவரிடம் கேள். தெற்காசியர்களுக்கு நீரிழிவு மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது, குறைந்த எடையிலேயே வருகிறது. அந்தக் கடிதம் அன்ரிக்கு ஒருநாளும் வரவில்லை என்றால், அவருடைய கைராசி டொக்டரைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

ஏதும் பிழையாகிப்போனால் என்ன செய்வது? என்எச்எஸ் ஆப்பை இறக்கி உன் பதிவை நீயே வாசி. பிழையான ஒவ்வாமை, நிறுத்திய மருந்து இருந்தால் எழுதித் திருத்தச் சொல். ஒரே வருத்தத்துக்கு மூன்றாம் தரம் போகிறாய் என்றால், "இது மூன்றாம் தரம்" என்று வாய்திறந்து சொல். 20 தரத்துக்கு மேல் ஜீபியைத் தொடர்புகொண்டும் புற்றுநோய் பிடிபடாமல் 27 வயதில் இறந்த ஒரு பெண்ணின் பெயரால் 2025 செப்டம்பரில் 'ஜெஸ் விதி' வந்தது. மூன்றாம் தரம் வருகிறவரின் நோயை முதலிலிருந்து யோசிக்க வேண்டும் என்கிறது அது. முறைப்பாடு என்றால் பிராக்டிஸ் மனேஜருக்கு எழுது, 12 மாதத்துக்குள். அங்கே சரிவராவிட்டால் மேலே ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். இல்லையென்றால் சத்தமில்லாமல் வேறு இடத்தில் போய்ப் பதி. யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு இடத்துக்கும் போ. அந்த இரத்தச் சோதனைக் கேள்விக்கு அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு சொல்லும் மாற்றாமல் எனக்கு எழுது. நாங்கள் இரண்டு பேரும் இருந்து முடிவெடுப்போம்.

அன்புடன்,
சின்னம்மா

பி.கு.: பதிந்த அன்றே இரண்டு விஷயம் கேள். ஒன்று, தொய்வுக்கு நேர்ஸிடம் அப்பொயின்ட்மென்ட். மற்றது, மூளைக்காய்ச்சல் தடுப்பூசி. முதல் வருட மாணவர்களுக்கு 25 வயதுவரை அது இலவசம், உனக்கு மார்ச்சில் 25 ஆகிறது.